புல்லுக்குப் போன குதிரை வீங்கிய முகத்தோடு வந்தால்

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை. இரவு முழுக்க வெளியில் மேய்ந்த குதிரையைக் கூட்டிவரப் போகிறீர்கள். வழக்கம்போல வேலிக் கதவருகே வந்து நிற்கிறது. ஆனால் முகம் அதனுடையதாகவே இல்லை. காதுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால், எப்போதும் குழிவாக இருக்கும் இடம் இரண்டு பக்கமும் புடைத்துக் கிடக்கிறது. நேற்று மாலை ஒன்றுமே இல்லை.

இங்கிலாந்தில் குதிரைக்காரர்கள் இதற்கு 'கிராஸ் கிளாண்ட்ஸ்' என்று பெயர் சொல்வார்கள். "புல்லுதான், உள்ளே கட்டு, போய்விடும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பத்தில் ஒன்பது முறை அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். மிச்சமிருக்கும் அந்த ஒரு முறைக்காகத்தான் இதை எழுதுகிறேன். தென்மேற்கு இங்கிலாந்தில் ஒரு லிவரி யார்டில், அதாவது பலருடைய குதிரைகளைக் கட்டணத்துக்கு வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சில வருடங்களாக வேலை செய்கிறேன். புதிதாகக் குதிரை வாங்கியவர்களும், இன்னொருவர் குதிரையை வாரத்தில் இரண்டு நாள் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர்களும் வசந்தத்தில் என்னிடம் முதலில் கேட்பது இந்த வீக்கத்தைப் பற்றித்தான்.

முதலில், எந்த இடம்?

இந்த விஷயத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மிடம் இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒன்று பொன்னுக்கு வீங்கி; இலங்கையில் கூகைக்கட்டு என்பார்கள். அது காதடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குவது. இன்னொன்று நெறி கட்டுவது. உடம்பில் எங்கோ புண்ணோ கிருமியோ இருந்தால் தாடைக்கடியிலோ தொடையிடுக்கிலோ உருண்டை உருண்டையாகத் திரள்வது அது. குதிரையின் முன்னால் நிற்கும்போது நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

புல்லால் வருவது பொன்னுக்கு வீங்கி வீங்குகிற அதே இடத்தில் வரும். (பெயர்ப் பொருத்தம் அவ்வளவோடு சரி. மனிதருக்கு வரும் அந்த வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குதிரையிடமிருந்து உங்கள் பிள்ளைக்கு ஒட்டாது, கழுத்தில் தங்கச் சங்கிலி போடவும் தேவையில்லை.) குதிரையின் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் பெரியது இது. காதின் அடியில் தொடங்கி, தாடையின் பின் விளிம்புக்கும் கழுத்துக்கும் நடுவே, தொண்டை வரை பட்டையாக இறங்குகிறது. சாதாரண நாளில் விரலை வைத்தால் அங்கே ஒரு பள்ளம்தான் தெரியும். வீங்கும்போது பள்ளம் நிரம்பி, தாடையின் விளிம்பே மறைந்துபோகும். சில குதிரைகளுக்குக் காது கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளி நிற்கிற மாதிரிகூடத் தெரியும்.

இப்போது கையை வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் நின்று, ஹெட்காலரை, அதாவது தலையில் மாட்டியிருக்கும் வாரை, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்ற கையின் விரல்களைத் தட்டையாக வையுங்கள். கிள்ள வேண்டாம். புல் வீக்கம் தொட்டால் கெட்டியாகப் பிசைந்த மாவு மாதிரி, உள்ளே சின்னச் சின்ன மேடுகளோடு இருக்கும். சூடு இருக்காது. அழுத்தினால் குதிரை தலையை வெட்டி இழுக்காது. பல குதிரைகள் கவனிக்கக்கூடச் செய்யாது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்.

அடுத்து கையை முன்னால் கொண்டுபோங்கள். கீழ்த்தாடையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே, முகவாய்க்குப் பின்னால் உள்ள பள்ளம். நெறி கட்டுவது இங்கேதான். நெல்லிக்காய் மாதிரி கட்டியோ, பள்ளம் முழுவதும் அடைத்துச் சூடாகவோ இருந்தால், அல்லது தொட்டவுடன் குதிரை தலையைத் தூக்கினால், புல்லை மறந்துவிடுங்கள்.

இடத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடவும் முடியாது. நெறி கட்டுவது நிணநீர் முடிச்சுகள் வீங்குவதுதான், அவை தொண்டைக்குப் பின்னாலும் உண்டு. அவை வீங்கினால் வெளியே தெரிவது கிட்டத்தட்ட உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கும் அதே இடத்தில்தான். அதனால்தான் அடுத்த வேலை.

தெர்மாமீட்டர் இல்லாமல் பேச்சில்லை

என் இரண்டாவது வசந்தம். அப்போது எனக்கு ஒரே ஒரு வருட அனுபவம், அதனால் எல்லாம் தெரியும் என்கிற தைரியம். பக்கத்து லாயத்தில் ஒரு போனி, அதாவது குட்டையான இனக் குதிரை, தாடைக்குப் பின்னால் லேசாக வீங்கி நின்றது. சொந்தக்காரர் கேட்டார். நான் பெரிய மனுஷன் மாதிரி கையைக்கூட வைக்காமல், "புல்லுதான், ராத்திரி உள்ளே கட்டுங்கள், காலையில் போய்விடும்" என்றேன். காலையில் போகவில்லை. வலையில் வைத்த வைக்கோல் பாதி அப்படியே இருந்தது. (வைக்கோல் என்று நான் சொல்வது 'ஹே', அதாவது வெட்டி உலர்த்திய புல். நெல் வைக்கோல் இல்லை.) மாலையில் சூடு பார்த்தால் 39.6. சில நாளில் தாடைக்கடியில் கட்டி உடைந்து சீழ் வந்தது. ஸ்ட்ராங்கிள்ஸ் என்கிற, குதிரைக்குக் குதிரை தொற்றும் நோய். அதற்குள் அதே தண்ணீர்த் தொட்டியில் இன்னும் மூன்று குதிரைகள் குடித்திருந்தன. இரண்டு மாதம் ஒரு குதிரைகூட யார்டுக்குள் வரவில்லை, ஒன்றுகூட வெளியே போகவில்லை. நான் அந்த ஆலோசனையைச் சொன்னபோது தெர்மாமீட்டர் என் கோட்டுப் பையிலேயே இருந்தது.

ஆகவே வீக்கத்தைப் பார்த்ததும் யாரையும் கேட்பதற்கு முன் சூடு பாருங்கள். மருந்துக்கடையில் விற்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனியில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். குதிரையை யாராவது பிடித்துக்கொண்டால் நல்லது. நேர் பின்னால் நிற்காதீர்கள். பின்னங்காலை ஒட்டி, பக்கவாட்டில், தோளை அதன் தொடையில் சாய்த்த மாதிரி நில்லுங்கள். வாலை ஒரு பக்கம் ஒதுக்கி, ஆசனவாயில் மெதுவாக உள்ளே விட்டு, லேசாகச் சாய்த்து உள்சுவரில் படும்படி பிடியுங்கள். நேராக விட்டால் நுனி சாணியில் குத்திக்கொண்டு நிற்கும், உண்மைச் சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். 'பீப்' வரும்வரை கையை எடுக்கக் கூடாது. உள்ளே விட்டுவிட்டுத் தேடியவர்கள் உண்டு.

வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம். 38.5-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஓடி வந்தவுடனோ, வெயிலில் நின்றவுடனோ பார்த்தால் கொஞ்சம் கூடக் காட்டும். அரைமணி நேரம் நிற்கவிட்டு மறுபடி பாருங்கள். இதைவிட நல்ல வழி, குதிரை நன்றாக இருக்கும்போதே ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்து எழுதி வைப்பது. எப்போதும் 37.4 காட்டுகிற குதிரை ஒரு நாள் 38.4 காட்டினால், புத்தகக் கணக்குக்கு அது சாதாரணம், உங்களுக்குச் சாதாரணமில்லை.

கையோடு நாடியும் பாருங்கள். கீழ்த்தாடையின் அடி விளிம்பில், கன்னத் தசை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், விரல் நுனியை எலும்போடு சேர்த்து உருட்டினால் பென்சில் தடிமனைவிட மெலிதாக ஒரு கயிறு வழுக்கும். அது முகத் தமனி. வீங்கிய சுரப்பியிலிருந்து வாய்க்கு உமிழ்நீரைக் கொண்டுபோகும் குழாயும் அதே இடத்தில்தான் எலும்பைச் சுற்றிக்கொண்டு கன்னத்துக்கு ஏறுகிறது. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். மூச்சு 8 முதல் 16.

அப்புறம் மூக்கைப் பாருங்கள். தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு இருந்தால் பரவாயில்லை. மஞ்சளாக, கெட்டியாக இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பிடி வைக்கோல் கொடுத்து, மென்று விழுங்குகிறதா என்று நின்று பாருங்கள். புல் வீக்கம் உள்ள குதிரை உங்கள் கையிலிருந்து பிடுங்கித் தின்னும். முகத்தைப் பார்த்தால் உங்களுக்குத்தான் பயமாக இருக்கும், அதற்கு ஒன்றுமே தெரியாது.

காய்ச்சல் இல்லை, தின்கிறது. இனி என்ன?

புல்லிலிருந்து எடுங்கள். வைத்தியம் அவ்வளவுதான். லாயத்திலோ, புல்லே இல்லாத மண் தரையிலோ விடுங்கள். புல்லை நிறுத்துகிறோம் என்று பட்டினி போட்டுவிடக் கூடாது. குதிரையின் வயிறு ஓயாமல் அமிலம் சுரக்கும். வெறும் வயிறாகப் பல மணி நேரம் நின்றால் புண் வரும். 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 7.5 முதல் 10 கிலோ வரை உலர்ந்த வைக்கோல் வேண்டும்.  நெல் வைக்கோல் இல்லை. தண்ணீர் வாளி அதற்கென்று தனியாக இருக்கட்டும்.

அந்த நேரத்திலேயே போனில் மூன்று படம் எடுத்து வையுங்கள்: இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நேர் முன்னாலிருந்து ஒன்று. கண் ஏமாற்றும். காலையில் பார்த்ததைவிட மாலையில் குறைந்திருக்கிறதா என்பதை நினைவை வைத்துச் சொல்ல முடியாது.

பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கும். மறுநாள் காலை தாடை விளிம்பு மறுபடி தெரியும். உள்ளே கட்டினால் வற்றுவதும் வெளியே விட்டால் நிரம்புவதும்தான் இது புல் வீக்கம் என்பதற்கான நல்ல அடையாளம். 24 மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால், அல்லது ஒரு பக்கம் வற்றி ஒரு பக்கம் நின்றால், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீக்கம் இருக்கும் நாளில் சவாரி வேண்டாம் என்பது என் கட்சி. குதிரை கழுத்தை வளைத்து முகவாயை உள்ளே இழுக்கும்போது தாடையும் கழுத்தும் அந்தச் சுரப்பியை நடுவில் வைத்து நெருக்கும். வலிக்காத வீக்கத்தையும் நாம் வலிக்க வைப்போம். வற்றிய பிறகு கடிவாளம் போடும்போதும் தொண்டை வாரில் நான்கு விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். வெளியில் ஹெட்காலரோடு மேயவிடும் வழக்கம் இருந்தால் அதையும் தளர்த்துங்கள்.

ஏன் வருகிறது?

பிரிட்டனில் மண்ணின் சூடு 5, 6 டிகிரியைத் தாண்டினால் புல் வளர ஆரம்பிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நேற்று வெட்டிய இடம் இன்று பச்சையாக நிற்கிற வேகத்தில் ஏறும். குளிர்காலம் முழுக்க வைக்கோலை மென்ற குதிரையை அதில் கொண்டுபோய் விடுகிறோம். தடையில்லாமல் விட்டால் அது நாளில் பதினாறு மணி நேரம்கூட மேயும். நமக்குச் சாப்பாட்டை நினைத்தாலே வாயூறும். குதிரையின் இந்தச் சுரப்பி மெல்லும்போது மட்டும்தான் வேலை செய்யும். ஆனால் வேலை என்று வந்தால், எல்லா உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சேர்ந்து நாளுக்கு 35, 40 லிட்டர் சுரக்கின்றன.

புல்லில் உள்ள ஏதோ ஒன்றுக்கு, ஒருவேளை மகரந்தத்துக்கு, உடம்பு காட்டும் ஒவ்வாமை என்று சில மருத்துவர்கள் சொல்வார்கள். மணிக்கணக்காகத் தலையைத் தாழ்த்தியே வைத்திருப்பதால் நீர் தேங்குகிறது என்பது இன்னொரு கட்சி. இரண்டில் எதுவானாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரே வயலில் ஆறு குதிரைகள் மேய்ந்தால் ஒன்றுக்குத்தான் வரும். அந்த ஒன்றுக்கு அடுத்த வருடமும் வரும்.

புல் இல்லை என்றால் வேறென்ன?

ஸ்ட்ராங்கிள்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது உங்கள் குதிரையோடு நிற்பதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வி என்ற பாக்டீரியாவால் வருவது. தொற்றிய பிறகு 3 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் வரும்; தாடைக்கடியிலும் தொண்டையிலும் நெறி கட்டிச் சீழ் பிடிக்கும்; மூக்கில் கெட்டியாக ஒழுகும்; விழுங்க முடியாமல் தீனியை விட்டுவிடும். மூக்கோடு மூக்கு உரசினால் பரவும். வாளி, தொட்டி, ஹெட்காலர், உங்கள் கை, உங்கள் கோட்டுச் சட்டை என்று எல்லாவற்றிலும் ஏறிப் போகும்.

சந்தேகம் வந்தால் மருத்துவர் வரும்வரை அந்தக் குதிரை தனியாக நிற்கட்டும். அதைக் கடைசியாகப் பாருங்கள், மற்றவற்றுக்குப் போகும் முன் உடை மாற்றுங்கள். யார்டில் உள்ள மற்றக் குதிரைகளுக்கு நாளுக்கு இரண்டு முறை சூடு பாருங்கள். இந்த வேலை யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனால் இதில்தான் விஷயமே இருக்கிறது: மூக்கிலிருந்து கிருமி வெளிவரத் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்னாலேயே காய்ச்சல் வந்துவிடும். 38.5-ஐத் தாண்டிய அன்றே பிரித்துவிட்டால், அது இன்னொன்றுக்குக் கொடுக்க நேரமிருக்காது. வெளியே தெரிந்தால் அவமானம் என்று மூடி மறைக்கும் யார்டுகளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து யார்டுக்குச் சொல்லிவிடுங்கள், ஐயா. கட்டி ஆறிய பிறகும் சில குதிரைகள் தொண்டைக்கு மேலே உள்ள காற்றுப் பைகளில் கிருமியை மாதக்கணக்காக வைத்திருக்கும். அதைச் சோதித்துத் தெளிந்த பிறகுதான் கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. ஒரு பக்கம் மட்டும், கன்னத்தின் நடுவில், கல் மாதிரிக் கட்டி: உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம், அவசரமில்லை, ஆனால் காட்ட வேண்டும். மூக்கிலோ உதட்டிலோ திடீர் வீக்கம்: வசந்தத்தில் வெயில் காயும் 'ஆடர்' பாம்பு கடித்திருக்கலாம். பிரிட்டனில் இயற்கையாக வாழும் ஒரே விஷப்பாம்பு அது, மேயும் குதிரையின் மூக்குதான் அதன் முன்னால் முதலில் போய் நிற்கும். மூக்கு அடைத்தால் குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது, அதனால் இது அவசரம். மூக்கு வழியாகத் தீனியும் எச்சிலும் வந்தால் தொண்டையில் தீனி அடைத்திருக்கிறது. முன்னால் இருக்கும் தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு உடனே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். கழுத்தை நீட்டிக்கொண்டு, சத்தத்தோடு மூச்சு வாங்கினால் வேறெதையும் பார்க்க வேண்டாம், முதல் அழைப்பு மருத்துவருக்கு.

செய்யக் கூடாதவை

பிசைய வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், குத்திவிடவே வேண்டாம். பழைய காலத்து ஐரோப்பிய லாடக்காரர்கள் இந்தச் சுரப்பியை 'வைவ்ஸ்' என்று சொல்லி, வயிற்றுவலிக் குதிரைக்குக்கூட அதைக் கிள்ளியும் கீறியும் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குதிரைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பெட்டியில் மிச்சமிருக்கும் 'பியூட்' பொட்டலத்தைப் பிரித்துத் தீனியில் கலப்பதும் கூடாது. வலிக்காகவும் வீக்கத்துக்காகவும் கொடுக்கிற அந்த மருந்து காய்ச்சலையும் இறக்கிவிடும். அப்புறம் தெர்மாமீட்டர் சொல்வதை நம்ப முடியாது, மருத்துவருக்கும் குழப்பம். வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரையும் அப்படியே. போட்டிக்குப் போகும் குதிரையாக இருந்தால் அது மருந்துச் சோதனையிலும் மாட்டிவைக்கும்.

மறுபடி புல்லுக்கு

வற்றிவிட்டது என்றால் வாழ்நாள் முழுக்க உள்ளேயே கட்ட வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, அப்படியே ஏற்றிக்கொண்டு போங்கள். வயிற்றில் வைக்கோல் போன பிறகு விட்டால் வெறியோடு மேயாது. மின்வேலியை நாளுக்கு ஓரிரு அடி நகர்த்தி மேயவிடலாம். அல்லது நம் ஊரில் களத்தில் நெற்கதிரைப் போரடிக்கும்போது மாட்டுக்குக் கட்டுகிற வாய்க்கூடு மாதிரி, இங்கே கிடைக்கும் மேய்ச்சல் மஸிலைக் கட்டலாம். அதோடு தண்ணீர் குடிக்கத் தெரிகிறதா என்று முதல் நாள் நின்று பாருங்கள். கொஞ்சம் வீக்கம் மறுபடி வந்து, தானே வற்றி, குதிரையும் சுகமாக இருந்தால், அதோடு வாழப் பழகிக்கொள்ளலாம்.

வீக்கத்தைவிட அந்தப் புல்லைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். சுரப்பியை வீங்க வைக்கும் அளவுக்குச் செழித்த புல்லில் சர்க்கரையும் அதிகம். கொழுத்த போனிகளுக்கு, பிடரிக்கடியில் கொழுப்புத் திரண்டவற்றுக்கு, அதுவே லாமினைட்டிஸ் என்கிற குளம்பு நோயைக் கொண்டுவரும். உறைபனி விழுந்து, பிறகு பளிச்சென்று வெயிலடிக்கும் காலைகளில் புல் வளராமல் சர்க்கரையை மட்டும் சேர்த்து வைத்துக்கொள்ளும், அந்த நாட்களில் வெளியே விடாதீர்கள். முகத்தைத் தொட்டுப் பார்க்கக் குனியும் அதே நேரத்தில் நான்கு குளம்பிலும் கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். கணுக்காலுக்குப் பின்னால் நாடி பலமாக அடித்தால், நடக்கத் தயங்கினால், அன்றே கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். என்ன தேதி, எந்த வயல், எத்தனை மணி நேரம் வெளியில், சூடு எவ்வளவு, எத்தனை மணிக்கு வற்றியது. நான்கே வரி. செப்டம்பர் மழைக்குப் பிறகு புல் இரண்டாம் முறை தளிர்க்கும், வீக்கமும் பலருக்கு அப்போது திரும்பி வரும். ஏப்ரலில் எழுதிய பக்கத்தை அன்றைக்கு லாயக் கதவில் மாட்டி வைத்துவிட்டு வெளியே விடுங்கள்.